மெலியெனியும் என் சைரனும்

பசிபிக் கடலில் இருக்கிற எங்கள் குட்டித் தீவு ஃபுனாஃபூட்டியில் சைரன் ஊதுகிற வேலை என்னுடையது. விமானம் வருகிற நாட்களில் தீயணைப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து, சைரனைப் போட்டுவிட்டு, ரன்வே நெடுக ஒருமுறை போய்வருவேன். அங்கே கைப்பந்து விளையாடுகிறவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். பாய் போட்டுக் கிடந்தவர்கள் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். மோட்டார் சைக்கிள், நாய், பன்றி எல்லாம் ஓரம் கட்டிவிடும். விமானம் வந்து போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தீயையும் அணைத்ததில்லை. "தண்ணி வண்டிய வெச்சுக்கிட்டு பன்னி மேய்க்கிறான் எந்தம்பி" என்று என் அக்கா லைனே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்த லைனேயின் மகள்தான் மெலியெனி. துறைமுகத்துக் குளிர்க்கிடங்கில் சூரை மீன் பெட்டி தூக்குகிறாள். பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. சின்ன வயதில் சைரன் கேட்டதும் மற்ற பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு ஓடிவிடும். இவள் மட்டும் பக்கத்தில் நிற்கிற பொடிசுகளைக் கைக்கொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வெளியே வருவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வளர்ந்த பிறகும் அப்படித்தான். சாயங்காலம் ரன்வேயில் ஓடிப் பழகும்போது சைரன் வந்தால், போகிற போக்கில் ஒரு பிள்ளையையாவது அள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடுவாள். பெற்றவர்களும் மெலியெனி இருக்கிறாள் என்ற தைரியத்தில் வீட்டில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் நாட்டில் ஓடுவதற்கென்று ஒரு மைதானம் கிடையாது. இருக்கிற நிலமெல்லாம் ஒரு நாடா அகலம், அதிலும் நல்ல பகுதியை ரன்வே பிடித்துக்கொண்டது. ஆகவே எங்கள் ஓட்டக்காரர்கள் எல்லோரும் நேராக ஓடுவார்கள். கடைசிவரை போய், திரும்பி, மறுபடி நேராக வருவார்கள். வளைந்து ஓடுவது என்பது எங்களுக்குப் படத்தில் பார்த்த சமாச்சாரம்.

பசிபிக் தீவுகளெல்லாம் கூடி நடத்துகிற பெரிய விளையாட்டு விழாவுக்கு எண்ணூறு மீட்டர் ஓட மெலியெனியைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வேறு யாரும் வரவில்லை. பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் பெனிதுசி பயிற்சியாளர். நான் மேலாளர். எனக்கும் ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போகவேண்டியவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆபீசில் விசாரித்துப் பார்த்ததில் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மெலியெனி வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு மெடல் வேணாம். ஒருத்தி எனக்குப் பின்னாடி வரணும். ஒரே ஒருத்தி."

போனமுறை போன எங்கள் பெண் எல்லோருக்கும் கடைசியாக, வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தாள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் காட்சி இல்லாத போன் எங்கள் ஊரில் கிடையாது. எனக்குப் பார்க்கும்போது கண் கலங்கியது, பெருமையாகக்கூட இருந்தது. கைதட்டினா நல்லதுதானே என்றேன்.

"முதல்ல வந்தவளுக்கு உக்காந்து தட்டினாங்க. இவளுக்கு எந்திரிச்சுத் தட்டினாங்க. பாவம்னு தட்டுறது எப்படியிருக்கும்னு அவகிட்ட கேட்டேன். உடம்பெல்லாம் கூசுச்சாம். எனக்கு அது வேணாம் மாமா."

வாளியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

போய் இறங்கிய நாளிலிருந்து எல்லாமே குழப்பம்தான். தங்குமிடத்தில் எங்கள் கொடிக்குப் பதிலாக யாருடைய கொடியையோ கட்டியிருந்தார்கள். சொன்னதும் மன்னிப்புக் கேட்டு இன்னொன்றைக் கட்டினார்கள். அதுவும் எங்களுடையது இல்லை. இரண்டாம்முறை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்ததால் அந்தக் கொடிக்குக் கீழேயே இருந்துவிட்டோம். சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை வகை இருந்தும் தேங்காய்ப்பாலில் போட்ட மீனைக் காணோம். மெலியெனி சோற்றையும் வாழைப்பழத்தையும் தின்றே நாளை ஓட்டினாள்.

தடத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓடுகிறவர்களை ஒருத்திக்கு முன்னால் ஒருத்தியாகத் தள்ளித் தள்ளி நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, அவள் மட்டும் ஏன் முன்னாடி நிக்கிறா, இது என்ன நியாயம் என்று கேட்டாள். வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்குத் தூரம் அதிகம், அதைச் சரிக்கட்டத்தான் என்று பெனிதுசி மண்டியிட்டு விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். பெனிதுசி அங்கிருந்து போனதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் விளங்கவில்லை.

தகுதி ஓட்டத்தன்று நானும் எங்கள் பளுதூக்கும் வீரன் லோபதியும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் சிட்டாகப் பறந்தார்கள். மெலியெனி வளைவில் தடுமாறி, கோட்டைத் தொட்டுவிடுவோமோ என்று குனிந்து பார்த்துப் பார்த்து ஓடினாள். முதல் சுற்றில் அவள்தான் கடைசி. ஆனால் நீல உடுப்புப் போட்ட ஒருத்தி களைக்க ஆரம்பித்தாள். வேறு ஏதோ தீவுக்காரி, நெட்டையாக இருந்தாள். இரண்டாம் சுற்றில் மெலியெனி அவளை நெருங்கினாள். கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்தது. நேராக ஓடுவதற்கு எங்கள் பெண்ணுக்குச் சொல்லித் தரவேண்டுமா? நீல உடுப்புக்காரியின் தோளுக்குத் தோள் வந்துவிட்டாள். நான் லோபதியின் தொடையில் ஓங்கி அடித்தேன். இன்னும் நாலு எட்டு வைத்தால் முந்திவிடுவாள்.

அப்போது சைரன் ஊதியது.

மைதானத்துக்குப் பின்னால் ஏதோ கடையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டதாம், தீயணைப்பு வண்டி போயிருக்கிறது. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் மெலியெனி என்ன செய்தாள் என்றால், நீல உடுப்புக்காரியின் முழங்கையைப் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு, தடத்தைவிட்டு உள்ளே புல்லுக்குப் போய்விட்டாள். போய் நின்று வானத்தைப் பார்த்தாள்.

அவளைச் சொல்வானேன். நானும் எழுந்து நின்றிருந்தேன், என் கை சைரன் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது. லோபதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கவே தொடங்கிவிட்டான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர்தான் விமானத்துக்கு வழிவிட்டவர்கள்.

மற்றவர்கள் ஓடி முடித்தார்கள். நீல உடுப்புக்காரி புல்லில் உட்கார்ந்து அழுதாள். மெலியெனி அவள் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

விழா அதிகாரிகள் மூன்று பேர் எங்களை ஒரு அறையில் வைத்து விசாரித்தார்கள். பெனிதுசி வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான்தான் மொழிபெயர்த்தேன். ஏன் அவளை இழுத்தாய் என்று கேட்டார்கள். விமானம் வருதுன்னு நினைச்சேன் என்றாள். நான் சொன்னதும் அதிகாரிகள் மூவரும் கூரையைப் பார்த்தார்கள். அவர்களில் வயதான அம்மாள், நல்ல மனுஷி, இந்த மைதானத்துக்குள் விமானம் எப்படியம்மா வரும் என்று பொறுமையாகக் கேட்டார்.

"அதுதான் எனக்கும் புரியல" என்றாள் மெலியெனி. "ஆனா அவள அங்கயே விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது?"

முதல் வரியை மட்டும்தான் நான் மொழிபெயர்த்தேன். இரண்டாவதை நானே வைத்துக்கொண்டேன்.

மெலியெனியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தடுக்கப்பட்டவள் என்பதால் நீல உடுப்புக்காரியை இறுதி ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் அவர்கள் விதியாம். வேடிக்கையைப் பாருங்கள், தானாக ஓடியிருந்தால் கடைசியாக வந்து வீட்டுக்குப் போயிருப்பாள். எங்கள் பெண் இழுத்ததால் இறுதிக்குப் போனாள். அங்கே எல்லோருக்கும் பின்னால், தனியாக வந்து சேர்ந்தாள். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் பார்த்தால் மெலியெனி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாருக்குத் தட்டுறது மாமா? அவளுக்கா, எனக்கா?"

நான் தட்டுவதை நிறுத்தினேன்.

ஊரில் அவளைக் கேலி செய்வார்கள் என்று பயந்துகொண்டே இறங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வேறென்ன செய்யணுங்கிறாங்க, சைரன் ஊதினா விலக வேணாமா என்று கேட்டார்கள். வேற்று நாட்டுப் பிள்ளையையும் காப்பாத்தியிருக்கா என்று லைனே பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பூமாலை, பன்றிக்கறி, ஊர்க்கூடத்தில் மரப்பெட்டியில் தாளம் தட்டிப் பாட்டு, எழுந்து நின்று கைதட்டி ஆட்டம். மெலியெனி புல்லுக்கு இழுத்துக்கொண்டு போனதை வைத்து ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். அவள் பாதியில் எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"இவங்களும் எந்திரிச்சு நின்னுதான் தட்டுறாங்க" என்றாள்.

அது வேறு, இது வேறு என்று நான் சொன்னேன். என்ன வேறு என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வண்டிக்கொட்டகைக்கு வந்தாள். அடுத்த விழாவுக்கும் போகப் போகிறாளாம். அதற்கு முன்னால் சைரனுக்கு நிற்காமல் ஓடப் பழகவேண்டுமாம். விமானம் இல்லாத நாளில் நான் சைரன் ஊதவேண்டுமாம், அவள் ரன்வேயில் ஓடிப் பார்ப்பாளாம்.

நான் எதற்கும் சட்டென்று முடியாது என்று சொல்கிறவன் இல்லை. இதற்குச் சொன்னேன். விமானம் வராமல் நாலு தரம் ஊதினால் ஐந்தாம் தரம் எவன் பாயைச் சுருட்டுவான்?

"அப்போ நான் என்னதான் செய்யறது? நின்னா அங்க தோத்துடுவேன். நிக்கலைன்னா இங்க செத்துடுவேன்."

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரன்வேயை ஒட்டியே ரோடு போகிறதே. விமானம் வருகிற நாட்களில் அந்த ரோட்டில் ஓடுவாள். நான் சைரன் ஊதுவேன், ரன்வேயில் இருப்பவர்கள் விலகுவார்கள், அவள் மட்டும் நிற்காமல் ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். யாருக்கும் ஆபத்தில்லை. எனக்கும் சரியென்றே பட்டது.

ஆனால் கால் கேட்கவில்லை. சைரன் வந்ததும் நின்றுவிடும். அவள் தொடையில் அறைந்துகொள்வாள், திட்டுவாள், மறுபடி அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பாள். சிலநாள் நின்றதோடு இல்லாமல் ரன்வேக்குள் பாய்ந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் வந்துவிடுவாள். வந்தபிறகுதான் தான் வந்ததே அவளுக்குத் தெரியும். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அவளுக்குப் பிடிக்காத சொல் அது, ஆகவே வாயைத் திறக்கமாட்டேன்.

போன மாதம் ஒருநாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் சைரனைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். ரோட்டில் மெலியெனி ஓடிக்கொண்டிருந்தாள். நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இன்னும் பார்த்தேன். கை வீச்சுகூடக் குறையவில்லை. சந்தோஷத்தில் ஹாரனையும் சேர்த்து அடித்தேன்.

அப்புறம்தான் முன்னால் பார்த்தேன். ரன்வே நடுவே தேங்கிய தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, லைனே வீட்டுக்கு அடுத்த வீட்டுக் குழந்தை, நடக்கப் பழகி நாலு மாதம்கூட இருக்காது, தண்ணீரைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. மெலியெனி அதற்கு நேராக, கூப்பிடு தூரத்தில், ரோட்டில் ஓடிக் கடந்துபோனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். எனக்கு ஓடத் தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி ஓரத்துக்கு வந்தேன். விமானம் வர இன்னும் நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆபத்து ஒன்றுமில்லை.

மெலியெனி ரோட்டின் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் பல்லாக, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நிக்கல. பாத்தீங்களா? நான் நிக்கவே இல்ல."

"பாத்தேன்" என்றேன்.

என் மடியில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த குழந்தையை அப்போதுதான் பார்த்தாள்.

"இவ எங்க இருந்தா?"

நான் ரன்வேயைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சிரிப்பு இன்னும் அவள் முகத்தில்தான் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டிக் குழந்தையை வாங்கி, இடுப்பில் வைத்து இறுக்கிக்கொண்டாள். விமானம் இறங்குகிறவரை அதைக் கீழே விடவே இல்லை.