உளுந்து மேல் ஓடிய வண்டிகள்

ஊரடங்கிலும் ரோட்டில் ஏன் இத்தனை வண்டி என்று டிவியில் தினமும் அலுத்துக்கொண்டார்கள். மற்ற ஊர்க் கதை எனக்குத் தெரியாது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், எங்கள் ரோட்டில் காரணம் உளுந்துதான்.

நெல் அறுத்த வயலில் விளையும் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் உளுந்து உதிர்ந்துவிடும். அந்த வருஷம் பஸ்ஸே ஓடவில்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால், டீச்சரான என்னை மாமியார் ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டார். காலையிலிருந்து அதே நூறடி தூரத்தில் போவதும் வருவதுமாக இருந்தேன். பக்கத்து வீடுகளில் பைக் வைத்திருந்தவர்களுக்கும் இதே வேலைதான்.

போலீஸ் ஜீப் வந்து நின்றது. "எத்தனை தடவைம்மா போவீங்க? அப்படி எங்கதான் போறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்கயும் போகலை சார்" என்றேன். அதைவிடப் பெரிய உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் நம்பவில்லை.

கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்கூட்டர்ல என்ன கனம் இருக்கு? உங்க ஜீப்பைக் கொஞ்சம் இது மேல விடுங்க சார்!"

அவர் எங்களை முறைத்துவிட்டு, செடியில் படாமல் ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் ஜீப் திரும்பி வந்தது. அதுவரை மிதிபடாமல் கிடந்த செடிகளாகப் பார்த்து, மெதுவாக ஏறிப் போனது.