ஆற்றில் குளிப்பவளுக்கு ஒரு கண்டாங்கி

காரைக்குடியில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேருக்குக் கோட்டு மாட்டிவிட்டவன் பொன்னழகு. உயிரோடு இருந்தவரை கைலியும் துண்டுமாகத் திரிந்த மனுசனை, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக நிறுத்தி வைப்பது அவன் தொழில். வீட்டுக்காரர்கள் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். பொன்னழகு அதில் தலையை மட்டும் நறுக்கியெடுத்து, தன் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும் கோட்டு உடம்பின் மேல் ஒட்டுவான். உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதான், தலைதான் வேறு. காதுகுத்துக்கு வந்த தாய்மாமனும் கருமாதிக்கு உரிய பெரியப்பாவும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்டதில்லை.

இப்படியே வருடக்கணக்கில் பிழைத்தவனுக்கு நாற்பதைத் தாண்டியதும் சலித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தால் மனுசன் எவ்வளவுதான் தாங்குவான்? ஃபிளெக்ஸ் வேலையைத் தலைமுழுகிவிட்டு, நாகவல்லி ஆச்சி வீட்டு முன்புற அறையை வாடகைக்குப் பிடித்து ஒரு கேமிங் சென்டர் போட்டான். பத்துக் கம்ப்யூட்டர், ஒரு பெரிய டி.வி., ஒரு ஏ.சி. காலேஜ் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருத்தனை ஒருத்தன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்கள். பொன்னழகுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது. "நான் வச்சிருக்கிற கடையிலயும் ஆளுக சிரிக்கிறாங்கடி" என்று பெண்டாட்டி புஷ்பவள்ளியிடம் சின்னப் பிள்ளை மாதிரிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆப்பு வந்தது.

பையன்கள் மாய்ந்து மாய்ந்து ஆடியது ஒரு போர் விளையாட்டு. இங்கிலீஷில் அதற்கு என்னவோ வாயில் நுழையாத பேர். பாலத்தில் ஆரம்பிப்பதால் இங்கே அதைப் பாலத்து ஆட்டம் என்பார்கள். பாலத்தைக் காக்கிற சிப்பாய்களைச் சுட வேண்டும், வெட்ட வேண்டும், குண்டு போட்டுக் கைவேறு கால்வேறாகப் பிய்த்தெறிய வேண்டும். அப்புறம் ஒரு கிராமம். அங்கேயும் அதே கைங்கர்யம். எல்லாரையும் கொன்று முடித்தால் ஆற்றங்கரை வரும். அங்கே, தூரத்தில், ஒரு பெண் குளித்துக்கொண்டிருப்பாள். உடம்பில் துணி கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அவ்வளவுதான்.

விளையாட்டைச் செய்த கம்பெனி, ஊருக்குத் தகுந்த மாதிரி அதை மாற்றித்தான் விற்றதாம். ஒரு தேசத்தில் ரத்தத்தைப் பச்சையாக்கினார்களாம். இன்னொரு தேசத்தில் ரத்தம் அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டு, குளிக்கிறவளுக்கு மட்டும் ஒரு நீச்சல் உடையை மாட்டினார்களாம். நம் ஊருக்கு வந்ததில் கம்பெனிக்காரன் ஒன்றும் செய்யவில்லை. இவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருப்பான் போல.

ஒரு சாயங்காலம் மகனைத் தேடி வந்த ஒரு தாய், சரியாக அந்த ஆற்றங்கரையில் வந்து மாட்டினாள். அதற்கு முன்னால் அவள் மகன் ஒரு கிராமத்தையே கொன்று தீர்த்திருந்தான். அதை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் 'வீட்டுக்குச் சாப்பிட வா' என்றுதான் கூப்பிட்டிருப்பாள். இதைப் பார்த்ததும், "அடி ஆத்தீ! அம்மணக்கட்டையாப் படம் ஓட்டுறாண்டி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். மறுநாள் தெரு நலச்சங்கம் கூடிவிட்டது.

சங்கத்துக்குத் தலைவர் மீனாட்சிசுந்தரம் செட்டியார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். செயலாளர் சேவுகப்பெருமாள், ஹார்டுவேர் கடைக்காரர். இவர்களை விடப் பெரிய ஆள் நாகவல்லி ஆச்சி. அறுபதை நெருங்குகிற மனுசி. வீட்டின் உள்கட்டுகளை ஓட்டலாக்கி வெள்ளைக்காரர்களுக்கு விடுகிறவள், பொன்னழகுவின் கடைக்குச் சொந்தக்காரி. அந்த வீட்டு முகப்பின் உச்சியில், சுதையில் செய்த பெண்கள் இடுப்புக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் வரிசையாக நிற்கிறார்கள். நூறு வருடமாக நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் இல்லை.

"பொன்னழகு, நீ நல்ல பிள்ளைதான். ஆனா எம் வீட்டு வாசல்ல அசிங்கம் ஓடுனா நாளைக்கு எம் மொகத்துல முழிப்பாகளா? சங்கம் பார்த்துட்டு வேணாம்னு சொல்லிட்டா, மாசக் கடைசியில அறையைக் காலி பண்ணிரு" என்றாள் ஆச்சி.

பொன்னழகு ஆச்சி காலில் விழாத குறை. இதை விட்டால் மறுபடியும் எவன் கடையிலாவது உட்கார்ந்து பிணத்துக்குக் கோட்டு மாட்ட வேண்டும். "ஆச்சி, அதுல இருக்கிறது ஒரே ஒரு எடம். அதையும் நான் காட்டுறேன், நீங்களே பாருங்க" என்று கெஞ்சினான்.

செட்டியார் விரலை ஆட்டினார். "நீ காட்டப்படாது. உனக்குத் தெரிஞ்ச சந்துபொந்துல புகுந்து, இல்லாத மாதிரிக் காட்டிப்புடுவ. சங்கமே நேரா போயிப் பாக்கும்."

"நேராப் போகணும்னா எல்லாத்தையும் கொல்லணுமேய்யா."

"கொன்னுட்டாப் போச்சு" என்றார் செட்டியார்.

மறுநாள் சாயங்காலம் சங்கம் கொலை செய்ய வந்தது. பெரிய டி.வி.க்கு முன்னால் மூன்று நாற்காலி. கன்ட்ரோலரைச் செட்டியார் வாங்கிக்கொண்டார். முதலில் அவருக்குப் பாலத்தில் ஏறவே தெரியவில்லை. ஆற்றில் விழுந்து விழுந்து செத்தார். சேவுகப்பெருமாள், "குடுங்கண்ணே இங்குட்டு" என்று பிடுங்கிக்கொண்டு கையெறி குண்டுகளாக வீசித் தள்ளினார். ஒரு சிப்பாயின் கால் பறந்து கம்பத்தில் மாட்டிக்கொண்டது. "ஹா! தெறிச்சிருச்சு பாருங்க!" என்று தொடையைத் தட்டினார். ஆச்சி கைமுறுக்குச் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் செவத்துக்குப் பின்னால ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். அவனை விட்டுப்புட்டு எங்க போறீக?" என்று அதட்டினாள். அவனையும் முடித்தார்கள்.

ஒரு வாரம் ஓடியது. சங்கத்துக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது. செட்டியார் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு மூன்று மணிக்கே வந்து கதவைத் தட்டினார். பின்னால் போய்க் கழுத்தை அறுப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி விழுந்திருந்தது. சத்தம் வராது, குண்டும் மிச்சம் என்று விளக்கம் வேறு சொன்னார். அந்தப் பாலத்தில் ஓடிய ரத்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. பொன்னழகுவும் அதை நினைக்கவில்லை. ஆற்றங்கரை வரக் கூடாதே என்பது ஒன்றுதான் அவன் கவலை.

வந்தது. கிராமத்தில் கடைசி ஆளைச் சேவுகப்பெருமாள் கிணற்றடியில் வைத்து முடித்தார். ஆறு தெரிந்தது. அவள் முதுகு தெரிந்தது.

செட்டியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சேவுகப்பெருமாள் மேலே ஏ.சி.யைப் பார்த்தார். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா! இதையா சின்னப் பயலுக பாக்குறானுக? மனசு கெட்டுப்போகாது?" என்றாள்.

"காலி பண்ணச் சொல்லிற வேண்டியதுதான்" என்றார் செட்டியார். ஆனால் சொல்லும்போதே கன்ட்ரோலரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். கடை போனால் இதுவும் போய்விடுமே! கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "ஏன் பொன்னழகு, செத்தவனுக்கெல்லாம் கோட்டு மாட்டுவியே. இவளுக்கு எதையாவது கட்டிவிட முடியாதா?"

பொன்னழகுக்குப் போன உயிர் வந்தது. "முடியும்யா! இந்த மாதிரி ஆட்டத்துல உடம்பெல்லாம் தனித்தனிப் படமாத்தான் வச்சிருப்பான். நம்ம படத்தை வரஞ்சு அந்த எடத்துல போட்டாப் போதும்."

"என்னத்தைக் கட்டுவ? கோட்டா?" என்று சிரித்தார் சேவுகப்பெருமாள்.

ஆச்சி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்டாங்கிச் சேலை இருந்தது. செங்கல் சிவப்பில் பெரிய கட்டம், மஞ்சள் கரை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் கோயிலுக்குக் கட்டிப் போகிற சேலை. ஆச்சி வருகிறாள் என்பதைத் தெருக்கோடியில் அந்தச் சிவப்பை வைத்தே கண்டுகொள்வார்கள். "யாரு பெத்த பிள்ளையோ. நம்ம ஊருக்கு வந்தவ மானமா இருக்கட்டும். இதைப் படம் பிடிச்சுக் கட்டிவிடு" என்றாள். அவள் குரல் இளகியிருந்தது.

பொன்னழகு முற்றத்துத் தரையில் சேலையை விரித்துப் போனில் படம் பிடித்தான். கட்டம் கோணாமல், கரை நேராக வருகிற மாதிரி வெட்டி ஒட்டினான். விளையாட்டின் கோப்புகளைத் திறந்தால், உடம்பு என்று பேர் போட்ட படங்கள் வரிசையாக இருந்தன. இதில் குளிக்கிறவளுடையது எது? தேடித் தேடிப் பார்த்தான், பிடிபடவில்லை. ஃபிளெக்ஸ் தொழிலில் ஊறிய கை சும்மா இருக்குமா? உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே என்று, அத்தனை படத்துக்கும் அந்தக் கண்டாங்கியையே போட்டுவிட்டான். ஆற்றங்கரையை மட்டும் திறந்து பார்த்தான். அவள் சிவப்புக் கட்டத்தில் ஜம்மென்று குளித்துக்கொண்டிருந்தாள். முதுகில் பச்சை குத்தின மாதிரி சேலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, மானம் காப்பாற்றியாகிவிட்டது.

மறுநாள் சங்கம் தீர்ப்புச் சொல்ல வந்தது. ஆற்றங்கரையைக் காட்டியதும் ஆச்சிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு லட்சணமா இருக்கா! எங்க வீட்டுப் பிள்ளையாட்டம் இருக்காள்ல அண்ணே?"

"அம்சமா இருக்கா. இனி கடைக்கு ஒரு தடையும் இல்லை" என்றார் செட்டியார். தீர்ப்பு முடிந்தது. அவர் போயிருக்கலாம். போவாரா? "முதல்ல இருந்து ஒரு தரம் ஆடிப் பாத்துருவோமே" என்று கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார்.

பாலம் வந்தது. பாலத்தில் சிப்பாய்கள் நின்றார்கள். தலையில் இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி, மூஞ்சியில் மீசை, உடம்பில் செங்கல் சிவப்புக் கண்டாங்கி.

அறையே வெடித்துச் சிரித்தது. சேவுகப்பெருமாள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். "ஆச்சி, ஒங்க சேலையைக் கட்டிக்கிட்டு ஒரு பட்டாளமே நிக்கிது!" ஆச்சிக்கும் சிரிப்புத் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. பொன்னழகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் போட்டுப்புட்டேன் போல" என்று தலையைச் சொறிந்தான். சிரித்துக்கொண்டே செட்டியார், கை பழகின வாக்கில், ஒருத்தனைச் சுட்டார்.

அந்த ஆள் குப்புற விழுந்தான். தொப்பி கழன்று உருண்டது. மீசையும் மூஞ்சியும் அடியில் போய்விட்டன. பாலத்தின் மேல் சேலை மட்டும் கிடந்தது. மஞ்சள் கரையில் ரத்தம் மெல்ல ஊறிப் பரவியது.

சிரிப்பு நின்றுபோனது. ஆட்டம் நிற்கவில்லை. மற்ற சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். செட்டியார் பதறிப்போய் எந்தப் பொத்தானை விடுவது என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்று தவழ்ந்து வந்து கையை நீட்டியது. அதுவும் அந்தச் சேலைதான்.

"நிறுத்துங்க!" என்று ஆச்சி அலறினாள். "அண்ணே, நிறுத்துங்க! அது எஞ் சேலை! என்னைய ஏன் இப்படிக் கொல்லுறீக?"

செட்டியார் கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவிட்டார். "நான் இல்லம்மா, நான் இல்ல, அதுவா சுட்டுருச்சு" என்று திக்கினார். சேவுகப்பெருமாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

பொன்னழகு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை அணைத்தான். "ஆச்சி, தப்பு எம் மேலதான். அரைமணி நேரம் குடுங்க, அவளுக்கு மட்டும் சேலை இருக்கிற மாதிரி..."

"யாருக்கும் வேணாம். எஞ் சேலை அதுக்குள்ள ஒரு நூல் இருக்கப்படாது. எடுத்துரு."

"எடுத்தா அவ பழையபடி நிப்பாளே ஆச்சி."

"நின்னா நிக்கட்டும்! குளிக்கிறவ குளிச்சிட்டுப் போறா. அவ குளிக்கிற எடத்துல நமக்கென்ன சோலி?" என்றாள் ஆச்சி. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

பொன்னழகு பழைய படங்களை எல்லாம் திருப்பிப் போட்டான். ஆட்டம் மறுபடி கிளம்பியது. பாலம் வந்தது. சிப்பாய்கள் அவரவர் பச்சைச் சட்டையில் நின்றார்கள். அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள்.

"ம். இப்பத்தான் சரியா இருக்கு" என்று செட்டியார் கன்ட்ரோலரைக் குனிந்து எடுத்தார். கொஞ்சம் தயங்கி ஒருத்தனைச் சுட்டார். அவன் விழுந்தான். ஆச்சியைத் திரும்பிப் பார்த்தார். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தனைச் சுட்டார். அடுத்தவனுக்குத் தயக்கமே இல்லை. நாலாவது ஆளுக்கு, "தூணுக்கு அங்குட்டு ஒருத்தன் நிக்கிறான்ணே" என்று ஆச்சியே கை காட்டினாள். சேவுகப்பெருமாள் முறுக்குச் சம்படத்தைத் திறந்தார். "கடையை நீ பாட்டுக்கு நடத்து பொன்னழகு" என்று ஆச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

பொன்னழகு "சரி ஆச்சி" என்றான். நின்று பார்த்தான். பாலத்தில் ஒருத்தன் விழுந்தான். பச்சைச் சட்டைதான். இன்னொருத்தன் விழுந்தான். அவனால் அங்கே நிற்க முடியவில்லை. அவர்கள் சிரிக்கிற சத்தம் பின்னாலேயே வர, வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். போன் அடித்தது. புஷ்பவள்ளி.

"என்ன சொன்னாக? காலி பண்ணணுமா?"

"இல்ல. கடை நமக்குத்தான்."

"ஆத்தாடி, சாமி கண்ணைத் தொறந்துட்டா!" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "அப்புறம் ஏன் அழுகுறீக?"

"தெரியலடி" என்றான் பொன்னழகு. "விழுந்துக்கிட்டே இருக்காக."