இரைச்சல் இல்லாத லைன்

இது நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பெங்களூர் சிவாஜிநகரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த பிரவுசிங் சென்டர்களில் எல்லாம் 'நெட் போன்' என்று போர்டு தொங்கும். உள்ளே போனால் பலகைத் தடுப்புகளுக்கு நடுவே, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் வளைகுடாவில் இருக்கும் தங்கள் ஆட்களோடு கத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள். விவேக் நகரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இன்டர்நெட் வழியாகப் பேசவும் ஃபேக்ஸ் அனுப்பவும் சாஃப்ட்வேர் எழுதி, சேவை தரும் நிறுவனங்களுக்கு விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அதில் எனக்கு டெஸ்டிங் வேலை. அதாவது, மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை, எங்கள் பாஷையில் 'பக்', கண்டுபிடித்துச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குவது. எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான வேலை. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட எட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

எங்களிடம் சாஃப்ட்வேர் வாங்கிய ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிறதாம். எங்கள் டீம் லீடர் மதுரைக்காரர். சர்வரில் பதிவாகியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, எல்லா போன் காலையும் கஸ்டமரேதான் கட் பண்ணிருக்காங்க. அவங்களே வச்சுட்டு நம்மளச் சொன்னா எப்படி? பக் எல்லாம் இல்ல, புகார மூடிரு.”

மூடியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கட் செய்தவர்கள் உடனே அதே நம்பருக்கு மறுபடியும் போன் செய்திருந்தார்கள். பேசி முடித்து வைத்தவர் எதற்கு மறுபடி கூப்பிட வேண்டும்? கோபத்தில் வைத்திருந்தால், ஊரில் இத்தனை பேருக்கா ஒரே மாதிரி கோபம் வரும்? ஆபீஸில் நாங்கள் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தோம். ஒரு தடவைகூடக் கட்டாகவில்லை. இத்தனைக்கும் ஃபேக்ஸ் பக்கம் ஒரு புகாரும் கிடையாது. இந்த மெஷின் 'வந்ததா?' என்று கேட்கும், அந்த மெஷின் 'வந்தது' என்று சொல்லும், அதோடு விவகாரம் முடிந்தது. மனிதர்கள் பேசுகிற இடத்தில்தான் என்னவோ நடக்கிறது. தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நானே நேரில் போவது என்று கிளம்பிவிட்டேன். “ஞாயித்துக்கிழமை உனக்கு வேற பொழப்பே இல்லியாடி?” என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள். உண்மையிலேயே இல்லைதான்.

சென்டர் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. தெருவில் கூவி விற்கும் குரல், பஸ் ஹாரன் எல்லாம் படியேறி உள்ளே வந்துகொண்டிருந்தன. நடத்துபவர் ஒரு பாய். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க மேடம், வாங்க. ஒங்க சாஃப்ட்வேர் கட் பண்ணுது, கஸ்டமர் என்னெத் திட்றாங்க. அரே, நான் என்னா பண்ணுவேன் சொல்லுங்க? அதோ, அந்தக்காவக் கேளுங்க. வாரா வாரம் அழுதுகினுதான் போறாங்க.”

ஓரத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தார் அந்த அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். மர்பி டவுனில் வீடு, கார்மென்ட்ஸில் வேலை. லைன் எப்படிக் கட்டாகிறது என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்.

“சாஃப்ட்வேரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லமா. எங்க வூட்டுக்காரருதான் வெக்கறாரு. மஸ்கட்ல டிரைவரு. நல்லாதான் பேசினு இருப்பாரு. ஊருக்கு எப்ப வரேன்னு கேட்டா போதும், டக்குனு வெச்சுடறாரு. திருப்பிப் பண்ணா, 'இப்ப எதுக்கு மறுபடி பண்றே'ன்னு என் மேலயே பாயறாரு. அங்க எவளோ இருக்கான்னு எங்க மாமியாரே சொல்றாங்க. நான் என்னன்னு நெனைக்கறது?”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“இன்னியோட கடைசி. இன்னிக்கும் கேப்பேன். வெச்சாருன்னா, புள்ளைய இட்டுனு தங்கவயலு எங்கண்ணன் வூட்டுக்குப் போயினே இருப்பேன். பொட்டி கட்டி வெச்சுட்டுதான் வந்துருக்கேன்.”

நான் ஒரு பக்கைத் தேடி வந்தேன். இங்கே ஒரு குடித்தனமே அறுந்து விழுகிற மாதிரி நிற்கிறது. அப்போதும் என் புத்தி போகவில்லை பாருங்கள், பையில் இருந்த ஒயரை எடுத்தேன். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஹெட்போன் மாட்டுவதற்கான ஒயர் அது. நானும் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“கேளும்மா, நல்லாக் கேளு. யாரு வெக்கறாங்கன்னு நீயே சாட்சி.”

போன் போனது. அக்காவின் வீட்டுக்காரர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாப்பாடு, குழந்தையின் பள்ளிக்கூடம், வீட்டில் ஒழுகுகிற ஓடு என்று பேச்சு போயிற்று. நடுவில் அவர் சொன்னார்:

“வண்டிய ஓரங்கட்டி, கண்ணாடி ஏத்தினு உக்காந்துருக்கேன். ஏசி சத்தமா இருக்கு, அதையும் நிறுத்திட்டேன். உன் கொரலு நல்லாக் கேக்கணும்ல.”

அந்த ஊர் வெயிலில் ஏசியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரா பெண்டாட்டி கேள்வி கேட்டால் போனை வைப்பார்? நான் யோசித்து முடிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். எப்ப வரே?”

அவ்வளவுதான். ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. சாதாரண போனில் எதிராளி பேசாவிட்டாலும் 'உஸ்' என்று மெல்லிசாக ஒரு இரைச்சல் கேட்கும், கவனித்திருப்பீர்கள். இங்கே அதுவும் இல்லை. லைன் செத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஹெட்போனைத் தட்டிக்கூடப் பார்த்தேன். 'ஹலோ, ஹலோ' என்று கத்துகிற ரகமில்லை அந்த அக்கா, ரோஷக்காரி. என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. லைனைக் கட் செய்யக் கை மவுஸுக்குப் போனது.

தற்செயலாகத்தான் நான் திரையைப் பார்த்தேன். பேசும் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாதே என்பது எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு வசதி. லைனில் நெரிசல் குறையும், இரைச்சல் இருக்காது. 'சுத்தமான சத்தம்' என்று சொல்லித்தான் விற்றோம். ஒருவர் வாயை மூடினால் அவர் இருக்கும் அடையாளத்தையே துடைத்துவிடுகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் மூடிய வண்டி, துளிச் சத்தமில்லை. இந்தப் பக்கமோ சிவாஜிநகர் முழுவதும் மைக்கில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த அக்கா லைனில் இருப்பது அவருக்குக் கேட்கும். அவர் இருப்பது இவருக்குக் கேட்காது.

அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். இன்னொரு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தேன்.

“அக்கா, தொடாதீங்க. அவரு வெக்கல. லைன்லதான் இருக்காரு.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“சத்தியமாத் தெரியும்க்கா. ஸ்வல்ப நேரம் இருங்க, போதும்.”

அக்கா நம்பவில்லை. ஆனாலும் என் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொள்ளவில்லை. மைக்கைப் பொத்திய கையை நான் எடுத்தேன். கடிகாரம் ஓடுகிறது, காதில் ஒன்றுமில்லை. பாய் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டார். என் கணக்கு தப்பாக இருந்தால் இந்த அக்கா நேராகப் போய்ப் பெட்டியைத் தூக்குவார்.

பிறகு அந்தக் குரல் வந்தது. ரொம்பத் தயக்கமாக.

“என்னா... இன்னிக்கி நீ வெக்கல?”

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“யோவ்! நான் எங்கய்யா வெச்சேன்? நீதான வாரா வாரம் வெக்கறே?”

“நானா? எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சுனு இருப்பேன், அதுக்குள்ள நீ பட்டுனு வெச்சுடுவே. எம்மேல அவ்ளோ வெறுத்துப் போச்சான்னு நெனச்சுப்பேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “இங்க ஆளக் கொறைக்கறாங்க. இப்ப லீவுல வந்தா, திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. வந்தா ஒரேடியா வெறுங்கையோடதான் வரணும். அதான்...”

மறுபடியும் காதில் ஒன்றுமில்லாமல் ஆயிற்று. இந்த முறை அக்கா அசையவில்லை. லைனை அறுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் நான் என் ஹெட்போனைக் கழற்றினேன். எதிலும் மூக்கை நுழைக்கும் எனக்கு, அதற்குமேல் கேட்கக் கூடாது என்று தானாகவே தோன்றியது. தள்ளிப் போய் ஜன்னலருகே நின்றேன். ஆனாலும் அக்காவின் குரல் சென்டர் முழுவதும் கேட்டது.

“வா. வெறுங்கையோடயே வா. உன்னப் பொட்டி யாரு கேட்டா? வந்து சேரு மொதல்ல!”

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

மறுநாள் ஆபீஸில் சொன்னால் டீம் லீடர் நம்பவில்லை. “கஷ்டப்பட்டு எடுத்த இரைச்சலத் திரும்பச் சேக்கச் சொல்றியா?” என்றார். நான் சோதனை லைனில் அவரைக் கூப்பிட்டுவிட்டு, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பாதிப் பேச்சில் கம்மென்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி, “ஏன் வச்சே?” என்று கேட்டார். “நான் வைக்கல சார், நீங்கதான் வச்சீங்க” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆபீஸில் எங்களுக்கு ஏன் ஒருமுறைகூட இது அகப்படவில்லை என்பதும் அப்போது புரிந்தது. ஏசி எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். தவிர, டெஸ்டிங் என்றால் நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் எதையாவது பேசிக்கொண்டேதான் இருப்போம். யாருக்கும் சொல்லத் தயங்குகிற விஷயம் எதுவும் இருக்காதே.

ஒருவர் பேசாதபோது கேட்பவர் காதில் மெல்லிய இரைச்சல் ஒன்றை நாமே போட்டுக்கொடுக்கும் முறை எங்கள் தொழிலில் ஏற்கெனவே உண்டு. அதைச் சேர்த்தோம். புகார்கள் நின்றுபோயின. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பாயிடம் அக்காவைப் பற்றி விசாரித்தேன்.

“எங்க மேடம் வர்றாங்க? ஒங்க சாஃப்ட்வேர் சரியாச்சு, என் கஸ்டமர் போச்சு. அவரு வந்துட்டாருல்ல, இனிமே யாருக்கு போன் பண்ணணும்?” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

எனக்கும் கல்யாணம் ஆகி, போனில் சண்டை போடவும் சமாதானம் ஆகவும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பேச்சு நடுவில் யாராவது மௌனமாகிவிட்டால் எனக்கும் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அவர்கள் என்னை விட்டுப் போய்விட்டார்கள் என்று நான் முடிவு கட்டுவதில்லை. சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத் தைரியம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, போனை வைக்காமல் இருக்கிறேன்.