ஒரே அட்டையில் இரண்டு மூஞ்சி

துடுப்புப் போடுகிறவருக்குப் போகிற வழி தெரியாது. இதை யாரும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லித் தொலைக்கவில்லை. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் இழுக்க வேண்டும். எதிரே, படகின் பின்பலகையில், வழி பார்த்துச் சொல்ல ஒரு ஆள் உட்காரும். அந்த ஆள் அவளுடைய நாத்தனார். ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும்போது, இவள் மட்டும் ஏரி நடுவில் அந்த மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டும். எந்தப் பாவிக்கும் இந்தத் தண்டனை வேண்டாம்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைத்துப் பிழிந்து வருகிற படுக்கை விரிப்புகளை ஓங்கி உதறி, சூடான உருளை மெஷினுக்குள் ஓரம் கோணாமல் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஈரமாகப் போவது அந்தப் பக்கம் மொடமொடவென்று வரும். கூடத்தில் அவளை எல்லோரும் ‘உருளை’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் கொஞ்சம் அப்படித்தான் என்பதால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

அவளுடைய வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்ததில்தான் எல்லா வினையும் தொடங்கியது. கை காதுக்கு மேலே எழும்பாது. தலை வார முடியாது, சட்டை மாட்ட முடியாது. அதெல்லாம்கூடப் போகட்டும், விரிப்பை உதற முடியாத ஆளுக்கு உருளையில் என்ன வேலை? “பாப்போம், எத்தன நாளைக்குத்தான் சமாளிக்கிறீங்கன்னு” என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார். 

ஆஸ்பத்திரியிலேயே கை கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், “துடுப்புப் போடற மாதிரி இழுக்கணும்க்கா. விடாம இழுத்தா இறுக்கம் விடும். நிறுத்தினீங்க, மறுபடி இறுகிடும்.” கதவுக் கொக்கியில் கட்டி இழுக்க ஒரு ரப்பர் பட்டையும் கொடுத்தாள். மறுநாள் பார்த்தால் அந்தப் பட்டையில் நாத்தனாரின் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

இந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தே காலத்தை ஓட்டியவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டாள். ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். மைக்கைத்தான் திருப்பிக் கொடுத்தாள், குரலைக் கொடுக்கவில்லை. “குளியலறையில் குழாய் சொட்டுகிறது, கவனிக்கவும்” என்று அவள் கூடத்திலிருந்து சொன்னால் எதிர்வீட்டுக்காரர் எழுந்து போய்த் தன் குழாயை மூடுவார். உருளையும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அந்த வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட அதற்கு இரண்டு பேர் கட்சி கட்டுவார்கள்.

நடுவில் ஒரு புருஷன். காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் காதைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் காதை மூடிக்கொள்வான். பெண்டாட்டி ஏதாவது முறையிட்டால் உள்ளங்கையைக் குவித்துக் காதில் வைத்து, “ஆங்?” என்பான். அக்கா முறையிட்டாலும் அதே “ஆங்?” தான். ஆனால் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் மட்டும் அவனுக்கு மாடியில் இருந்தாலும் கேட்கும்.

பஸ்ஸில் போகும்போது தினமும் கண்ணில் படுகிற ஏரி போட் கிளப்பைப் பற்றி அவள் அவனிடம் சொன்னாள். ஆச்சரியம், இந்தத் தடவை காது கேட்டது. தானே போய் விசாரித்துவிட்டு வந்தான்.

“தனியாளுக்குச் சந்தா கெடையாதாம்மா. ரெண்டு பேரா சேந்தாத்தான் குடுப்பாங்களாம். அக்காவைக் கூட்டிட்டுப் போயேன். பாவம், நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு கெடக்கறா.”

தோளா நாத்தனாரா என்று வந்தபோது அவள் தோளைப் பார்த்தாள். வேறு என்ன செய்வாள்? ஒரே அட்டையில் இரண்டு புகைப்படம் ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. இருவரும் சேர்ந்து வந்து நின்றால்தான் படகை அவிழ்த்து விடுவார்கள் என்பது கிளப்பின் சட்டம்.

அன்றிலிருந்து ஒரு வருஷம். நாத்தனார் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பிளாஸ்க்கில் டீ கொண்டு வருவாள், தனக்கு மட்டும். “இடது பக்கம் திரும்பவும். இடதுன்னேன்! சோறு திங்கற கை எதுன்னுகூடத் தெரியாதா?” என்று கரையில் நடக்கிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்துவாள். வெயில் அடித்தால் அது உருளையின் குற்றம். பலகை ஈரமாக இருந்தால் அதுவும் உருளையின் குற்றம். “உன்கூட வந்து என் மூட்டு போச்சு” என்று வாரம் தவறாமல் மூக்கால் அழுவாள். உட்கார்ந்து வருகிற மகராசிக்கு மூட்டு போச்சாம்!

ஆனாலும் தோள் இளகியது. கை மெல்ல மெல்லக் காதைத் தாண்டியது. வீட்டில் எவ்வளவு இழுத்தும் வராதது தண்ணீரில் வந்தது. மழையில் சில வாரம் கிளப்பை மூடியபோது மறுபடி இறுகிப்போய், உதறும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஏரி இருந்தால்தான் கை, கை இருந்தால்தான் வேலை. அதற்காக எதிரே உட்கார்ந்திருப்பதைச் சகித்துத் தொலைக்க வேண்டும்.

சகிப்புக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா? சந்தா முடிகிற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும்போதே துண்டு காயப்போட்ட விஷயம் மறுபடி கிளம்பியது. படகிலும் அதுவே ஓடியது. உருளைக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

“அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வாங்க!”

நாத்தனார் மூடினாள். பட்டென்று மூடினாள். அப்பாடா என்று உருளை இரண்டு இழுப்பு பலமாக இழுத்தாள். ஏரி நடுவில் ‘ஆழம்’ என்று பலகை மாட்டிய இரும்புக் கம்பம் ஒன்று உண்டு. அது அவள் முதுகுக்குப் பின்னால் நேராக வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாது. எதிரே இருந்தவளுக்கு நன்றாகத் தெரிந்தது. டமால்! படகு ஒரு ஆட்டம் ஆடியது. துடுப்பு கையை இழுத்துக்கொண்டு போக, தோளில் கரண்ட் அடித்தது போல ஒரு வலி.

“கண்ணு அவிஞ்சு போச்சா? ஏன் சொல்லல?”

“நீதானம்மா வாயை மூடச் சொன்ன?” என்றாள் நாத்தனார். சிந்திய டீயைப் புடவையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

திங்கட்கிழமை உருளையால் விரிப்பை உதற முடியவில்லை. சூப்பர்வைசர் அவளைத் தலையணை உறை மடிக்க அனுப்பினார். “தற்சமயத்துக்குத்தான்” என்றார். தற்சமயத்துக்கு என்று போனவர்கள் யாரும் திரும்பி வந்ததை அவள் பார்த்ததில்லை. உறைகளை மடித்துக்கொண்டே யோசித்தாள். சந்தாவைப் புதுப்பித்தால் இந்தப் பிசாசு தோளை உடைக்கும். விட்டுவிட்டால் தோள் தானே இறுகிப் போகும். எப்படிப் பார்த்தாலும் வேலைக்கு வேட்டுதான். கொலை செய்கிறவளிடம் போய்க் கழுத்தை நீட்டுவானேன், போதும் இந்தக் கூட்டு என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டிவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதாள்.

புதுப்பிக்கவோ ரத்து செய்யவோ அட்டையிலிருக்கிற இருவரும் நேரில் வர வேண்டும். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு நாற்காலியை எதிரெதிர் மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கிளப் ஆபீசில் உட்கார்ந்தார்கள்.

“அப்புறம், புதுப்பிச்சிடலாமா?” என்றார் கிளார்க்.

“வேண்டாம்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

உருளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க ஏன் வேண்டாங்கறீங்க? ஓசியில படகுச் சவாரி. பொழுது போகாம கெடக்கீங்கன்னு உங்க தம்பி கெஞ்சினதால கட்டி இழுத்துக்கிட்டு வந்தேன். நான்தான் வேண்டாம்னு சொல்லணும்.”

“என்னது? எனக்குப் பொழுது போகலையா?” நாத்தனார் எழுந்துவிட்டாள். “தண்ணியக் கண்டாலே எனக்குக் கொடலு நடுங்கும்! ‘அவளுக்குத் தனியாப் போக பயம், கை வேற வெளங்கல, நீ கூடப் போய் வழி சொல்லலேன்னா அவ வேலை போயிடும்’னு என் தம்பி என் கால்ல விழாத கொறையா கேட்டான். உனக்காக ஒரு வருஷமா உசுரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நன்றி கெட்டவளே!”

“எனக்குப் பயமா? யாரு சொன்னா? தனியாளுக்குச் சந்தா இல்லன்னுதானே உங்கள...”

கிளார்க் தொண்டையைக் கனைத்தார். “தனிச் சந்தா இருக்கேம்மா. சின்னப் படகு, ஒருத்தர் போறது. உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டையும் எடுத்துச் சொன்னேன். அவர்தான், ‘ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய போனாத்தான் எனக்குச் சரியா வரும்’னாரு.”

 நாத்தனார் உருளையைப் பார்த்தாள். உருளை நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள், ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.

கதவைத் திறந்தால், அவன் சோபாவில் நீட்டிப் படுத்திருந்தான். டிவி இல்லை, ரேடியோ இல்லை, ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது. வயிற்றின் மேல் கை கோத்து, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் அந்த மகாராஜன். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் நடந்திருக்கிறது.

“என்ன, சீக்கிரம் வந்துட்டீங்க?”

“கடையிலேருந்து ஒரு மெஷின் எடுத்து மாட்டிக்கடா. இன்னிக்கி ரெண்டு பேரும் சேந்து பேசப் போறோம்” என்றாள் அக்கா.

அவன் கை காதுக்குப் போனது. “ஆ...” என்று ஆரம்பித்தவன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான். குட்டு உடைந்துவிட்டது. “வாரத்துல ஒரு காலையாவது வீடு சத்தமில்லாம இருக்கட்டும்னு நெனச்சேன். அது ஒரு தப்பா?” என்று முனகினான்.

“என் கையை வித்து நீ தூங்கினியா?” உருளைக்குக் குரல் உடைந்தது. “தலையணை உறை மடிச்சுக்கிட்டு நிக்கறேன்யா அங்க! நாளைக்குப் போன்னு சொன்னா போக வேண்டியதுதான். அது தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தை உண்மையச் சொல்லியிருந்தா நான் தனியாப் போயிருப்பேனே!”

அவன் தரையைப் பார்த்தான். 

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் சொன்னாள், “நான் தனிச் சந்தா போட்டுக்கறேன். அந்தக் கூட்டு அட்டைய ரத்து பண்ண வேண்டாம். என் போட்டோவ எடுத்துட்டு உன் போட்டோவ ஒட்டிக்க. அக்காவும் தம்பியும் ஜோரா போயிட்டு வாங்க.”

“எனக்கெதுக்குடியம்மா இனிமே அந்த ஏரி?” என்று நாத்தனார் வாயெடுத்தாள். அதற்குள் தம்பியின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்துவிட்டாள். “சரி, போறேன்” என்றாள். “பொறந்தவன் ஆசப்பட்டுட்டான்.”

உருளை சின்னப் படகுக்கு மாறினாள். வழி சொல்ல ஆள் கிடையாது. நாலு இழுப்புக்கு ஒரு தடவை கழுத்தைத் திருப்பித் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரங்களில் இரண்டு முறை நாணலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டாள். பரவாயில்லை, அந்த மூஞ்சி எதிரே இல்லை. தோள் மறுபடி இளகியதும், உறை மடிப்பதிலிருந்து உருளைக்கு அவளைத் திரும்ப மாற்றினார்கள். சூப்பர்வைசருக்கு அதில் ஏமாற்றம்தான். வீட்டில் சண்டை முன்னைப்போலவே நடந்தது. துண்டும் கதவில்தான் காய்ந்தது.

ஒரு ஞாயிறு அவள் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டு ஓய்வாக இருந்தாள். தூரத்தில் புருஷன் வேர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருந்தான். எதிரே அக்கா. “வலது பக்கம் திரும்பவும்! டேய், வலதுடா! காலையில தின்னதெல்லாம் எங்கடா போச்சு?” என்ற அறிவிப்பு ஏரி முழுக்கக் கேட்டது.

“அக்கா, கொஞ்ச நேரம் சும்மா வாயேன்!”

நாத்தனார் வாயை மூடினாள். பட்டென்று மூடினாள்.

உருளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் ‘ஆழம்’ என்ற பலகை நேராக இருந்தது. அவனுக்குத் தெரியாது. இரண்டே பேருக்குத்தான் தெரியும். நாத்தனார் தம்பியின் தலைக்கு மேலாகக் கம்பத்தைப் பார்த்தாள், பிறகு ஏரியைத் தாண்டி உருளையைப் பார்த்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், அவன் நின்றுவிடுவான். உருளை வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

டமால்!

“ஏன்க்கா சொல்லல?” என்று அலறினான் அவன். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டான். “ஏய்! நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?”

உருளை துடுப்பை மடியில் வைத்தாள். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஆங்?” என்றாள்.