பர்கத்துல்லா பாய் சந்தோஷமாக இருந்த மூன்று மாதம்

எங்கள் கட்டடத்து ஐந்தாம் மாடி பர்கத்துல்லா பாய் நாற்பது வருடம் யாங்கோன் தெருவோரத்தில் உட்கார்ந்து சோற்றுக் குக்கர், மின்விசிறி எல்லாம் பழுது பார்த்தவர். முழங்கால் ஆபரேஷன் ஆனதும் மகள் ரிஹானா ஒரே போடாகப் போட்டாள்.

"உழைச்சது போதும் அத்தா. இனி சந்தோஷமா இருங்க."

டெஸ்டர், திருப்புளி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

சந்தோஷமாக இருப்பது எப்படி என்று மனிதருக்குத் தெரியவில்லை. மின்சாரம் இருக்கும்வரை டிவி பார்த்தார். போனதும் பால்கனியில் உட்கார்ந்து தெருவுக்குப் புத்தி சொன்னார். இரண்டாம் மாடியில் இருக்கும் என்னிடம், என் பேட்டரி விசிறி சத்தம் சரியில்லை என்று மேலிருந்தே கத்தினார். சோற்றை மட்டும் ரிஹானா கெஞ்சினால்தான் தொட்டார். எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் இல்லாத எங்கள் ஊர்க் கட்டடங்களில் பால்கனிக்குப் பால்கனி தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். சாவி, காய்கறி எல்லாம் அதிலேயே ஏறி இறங்கும். ஒருநாள் கீழே தெருவில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் டோ மியா, கெட்டுப்போன மேஜை விசிறியைப் பையில் போட்டு அந்தக் கயிற்றில் மாட்டிவிட்டாள். பாய் காய்கறிக் கத்தியையும் நகவெட்டியையும் வைத்தே அதைச் சுற்ற வைத்தார். அப்புறம் கயிறு ஓயவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து ரிஹானா பஸ் பிடித்து வர ஆறு மணியாகும். ஐந்தரைக்கே பாய் ஒன்றும் அறியாத பிள்ளையாக நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

போன வியாழன் தொழிற்சாலையில் மின்சாரம் போய், அவள் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். கேட் சாவிக்காகக் கயிற்றை இழுத்தாள். டோ மியாதான் என்று நினைத்த பாய் எட்டிப் பார்க்காமலே பையை இறக்கினார். சாவிக்குக் கை நீட்டியவளிடம் ஒரு சோற்றுக் குக்கர் வந்து சேர்ந்தது. கூடவே பர்மியத்தில் ஒரு சீட்டு: 'இனி அடிப்பிடிக்காது.'

கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். சமாதானம் செய்யப் போவதுபோல, வேடிக்கை பார்க்க அவள் பின்னாலேயே ஏறினேன்.

"என்னத்தா இது?"

"குக்கர்மா."

"அது தெரியுது!"

மருமகன் நியாஸ் பகலெல்லாம் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் பாடம் நடத்துகிறவன். பெண்டாட்டி பக்கம் பேசுவதே உடம்புக்கு நல்லது என்று தெரிந்தவன். செல்போனை எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, பழைய கிரேக்கத்துல ஒரு ஞானி இதை ஆராய்ஞ்சிருக்கார். மனுஷன் என்ன செஞ்சாலும் கடைசியில நல்லா வாழணும்னுதான் செய்றானாம்."

"கேட்டுக்கோங்க" என்றாள் ரிஹானா.

"மேல படி" என்றார் பாய்.

நியாஸ் படித்தான். அடுத்த பக்கத்தை முன்கூட்டியே பார்த்து வைக்காததுதான் அவன் செய்த தப்பு. நல்ல வாழ்வு என்பது சும்மா கிடக்கும் சுகம் இல்லையாம். தூங்கியே காலம் கழிப்பவனை நன்றாக வாழ்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்களாம். தன்னிடம் இருக்கும் திறமையை ஆயுள் முழுக்க நன்றாகப் பயன்படுத்துவதுதான் வாழ்வாம். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அந்த ஞானிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்டாள் ரிஹானா.

நியாஸ் அதையும் செல்போனில் தேடத் தொடங்கினான்.

"சண்டையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்மா" என்றார் பாய். "பசிக்குது, சோறு போடு."

ரிஹானா அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"மூணு மாசத்துல இன்னிக்குத்தான் நீங்களா சோறு கேட்டிருக்கீங்க அத்தா."

சோற்றைப் போட்டுவிட்டு, பீரோவைத் திறந்து திருப்புளிப் பெட்டியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பாய் இடது கையால் அதைத் தடவிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.