உப்பு, நிழல், திருப்பிப் போட்ட சட்டை

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்துக்குள் நுழைந்தால் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றித் துடைப்பார்கள். ஆவி அப்படிக் கவிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் அதற்குள்ளேயே இருந்தவளுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரிந்ததில்லை. மேல் மாடிகளிலிருந்து வண்டி வண்டியாக இறங்கும் படுக்கை விரிப்புகளையும் அறுவை அரங்கின் பச்சை அங்கிகளையும் கறை பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. எந்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், எதற்குச் சுடுதண்ணீர் என்று அவள் கைக்குத் தெரியும். அதை மூளை வரை கொண்டுபோக வேண்டியதே இல்லை.

கூடத்தில் அவளுக்குப் பேர் பண்டிதை. நாற்பது வயதில் தபால் வழியாக இலக்கியப் பட்டம் படிக்கச் சேர்ந்து, பாடச் செய்யுள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உலர்த்தும் இயந்திரத்தின் கதவில் ஒட்டி வைத்தவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? இஸ்திரிப் பகுதியில் இருந்த அவள் சிநேகிதி தினமும் ஒரு தடவையாவது கேட்பாள்: "பண்டிதை அக்கா, இன்னிக்குப் பாட்டுல யாரு அழுவுறா?"

"இன்னிக்கு யாரும் அழல. மழை பெய்யுது."

"மழைன்னா அழுகைன்னு போன வாரம் நீதான சொன்ன?"

"அது உரையில சொன்னது. நான் சொல்லல."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அவளுடைய மொத்தச் சண்டையும் அதற்குள்ளே இருந்தது.

ஆறு வருஷத்தில் பதினேழு தாள்களைத் தேறிவிட்டாள். மிச்சம் பழம்பாடல் தாள் ஒன்றுதான். அதில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது முறையும் போனால் பதிவே ரத்து. தேறிய பதினேழும் தண்ணீரில் போட்ட மாதிரி. மூன்றாவது முடிவு வந்தது. முப்பத்தாறு. தேற நாற்பது வேண்டும்.

விடைத்தாளின் நகலை வரவழைத்துப் பார்த்தாள். பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்குப் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில், "பாடலைப் புரிந்துகொள்ளவில்லை."

ஐந்தோ ஆறோ வாங்கியிருந்தால் தன்மேல்தான் கோபம் வந்திருக்கும். பூஜ்யம் அவளைச் சுட்டது.

பாடல் பன்னிரண்டே வரி. எழுதியவர் பேர் தெரியாது. போருக்குப் போன மற்ற வீட்டு ஆண்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் வரவில்லை. அவன் மனைவி அவனுடைய சிவப்பு மேலங்கியை எடுத்து உப்பு கரைத்த நீரில் அலசுகிறாள். உள்புறம் வெளியே வரும்படி திருப்புகிறாள். வெயிலை விட்டு விலக்கி மரநிழலில் விரிக்கிறாள். ஆறுதல் சொல்ல வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறார்கள். அவ்வளவுதான்.

வழிகாட்டி நூல் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருந்தது. உப்பு கண்ணீர். திருப்பிய ஆடை, தலைகீழாகிப்போன வாழ்வு. நிழல், இருண்ட எதிர்காலம். ஆகவே இது இரங்கற்பா. மாணவர்கள் எல்லாரும் அதையே மனப்பாடம் செய்து எழுதினார்கள், மதிப்பெண் வாங்கினார்கள். அவள் நாலே வாக்கியம் எழுதியிருந்தாள். 'இது இரங்கல் பாடல் அன்று. அவன் வருவான் என்று அவள் உறுதியாக இருக்கிறாள். உப்பும், திருப்பிப் போட்டதும், நிழலும் அதற்குச் சான்று. இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது.'

நகலை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்திருந்தார். இரண்டு முறை படித்தார்.

"ஏன்டி, உப்பு எப்படி சான்று ஆவும்?"

"சாயம் போற துணிய உப்புத் தண்ணியிலதானங்க அலசுவாங்க? அப்பதான சாயம் நிக்கும்?"

"அப்படியா?"

"அப்படியாவா? இத்தன வருஷம் உங்க சட்டையெல்லாம் வேற எப்படி நிறம் மங்காம இருக்கு?"

"நல்ல கடையில எடுத்ததுன்னு நெனச்சேன்." அவர் தாளை மறுபடி பார்த்தார். "சரி, அதை இதுல எங்க எழுதியிருக்க?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுதவில்லை. உப்பு எதற்கு, துணியை ஏன் திருப்ப வேண்டும், சாயத் துணியை ஏன் வெயிலில் போடக்கூடாது, எதையுமே எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது விளக்கி எழுதுவார்களா? உலகம் முழுக்கத் துணி துவைக்கிறது என்ற நினைப்பில் எழுதிவிட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு நெனச்ச பாரு," என்றார் அவர். "படிச்சவங்களை ரொம்ப நம்பிட்ட."

மேல்முறையீடு செய்தால் நேரில் வந்து விளக்கலாம் என்று விதி இருந்தது. எழுதிப் போட்டாள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அன்றே ஒரு சிவப்புத் துணியை இரண்டாகக் கிழித்து, இரண்டு சின்னப் பைகளாகத் தைத்தாள். தினமும் இரண்டையும் துவைத்தாள். ஒன்று உப்புத் தண்ணீர், உள்புறம் திருப்பி, நிழலில். இன்னொன்று வெறும் தண்ணீர், அப்படியே, மொட்டை மாடி வெயிலில். "அழுக்கே இல்லாத துணிய இப்படி அடிச்சுத் துவைக்கிறவள இப்பதான் பாக்குறேன்," என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். ஆனால் மழை வந்த அன்றைக்கு ஓடிப்போய் மாடியிலிருந்து பையை எடுத்து வந்தது அவர்தான்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மாடி அறை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் துறைத் தலைவி. இன்னொருவர் வெள்ளை மீசைப் பேராசிரியர். வழிகாட்டி நூலுக்கு உரை எழுதியவர். அவர் எழுதியதைத் தப்பு என்று அவரிடமே சொல்ல வேண்டும். பதினேழு தாள் அவர் கையில்.

பைகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று பழுப்பேறி வெளிறிக் கிடந்தது. இன்னொன்று இன்னமும் சிவப்பு.

"ரெண்டும் ஒரே துணி மேடம். ஆறு வாரம்." எப்படித் துவைத்தாள் என்று சொன்னாள்.

பேராசிரியர் வெளிறிய பையை விரலால் தள்ளினார். "இது சலவை முறைம்மா. கவிதை இல்ல. உப்புன்னா கண்ணீர்னு கவிஞர் நெனச்சிருக்கக் கூடாதா?"

"உப்பு மட்டும்னா நானும் கண்ணீர்னு ஒத்துக்குவேன் சார். அப்புறம் திருப்புறா. அப்புறம் நிழல்ல போடுறா. எங்க கூடத்துல புதுசா சேந்தவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிற அதே வரிசை."

"அப்போ இதுல குறியீடே இல்லைங்கறீங்களா?" என்று கேட்டார் துறைத் தலைவி.

"இருக்கு மேடம். நிறம்தான் குறியீடு. செத்தவன் சட்டை வெளுத்தா என்ன, வெளுக்காட்டி என்ன? அவ நிறத்தைக் காப்பாத்துறா. போட்டுக்க ஆள் வருவான்னு காப்பாத்துறா."

துறைத் தலைவி எதையோ குறித்துக்கொண்டார். பேராசிரியர் விடுவதாக இல்லை.

"சரி. கடைசி வரிக்கு வாங்க. அந்தப் பெண்கள் ஏன் ஒண்ணும் பேசாமப் போறாங்க? துக்கத்துல வாயடைச்சுப் போனாங்கன்னு நான் எழுதியிருக்கேன். உங்க கணக்குப்படி அங்க துக்கமே இல்லையே. அப்புறம் எதுக்கு அந்த வரி?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. ஆறு வாரமும் துணியிலேயே கண்ணாக இருந்துவிட்டாள். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. சிவப்புப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை இஸ்திரிக்காரியிடம் காட்டியிருந்தால் அவள் என்ன கேட்டிருப்பாள்? ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

"சார், அவங்களும் துவைக்கிறவங்கதானே," என்றாள் மெதுவாக.

"அதனால?"

"சாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தாங்க. நிழல்ல காயுற சட்டையப் பாத்தாங்க. பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. அவ வாயத் தெறக்காமலே பதில் சொல்லிட்டா. அதுக்கு மேல அங்க நின்னு என்னத்த பேச? ஆறுதலைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறாங்க சார்."

பேராசிரியர் மேசையில் கிடந்த வழிகாட்டி நூலைத் தன் பக்கம் இழுத்து, கடைசி இரண்டு வரிகளைத் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முப்பது வருஷமா இந்தப் பாட்டை அழுதுகிட்டே நடத்தியிருக்கேன்மா," என்றார்.

துறைத் தலைவி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பதினைந்துக்குப் பதினாலு. ஐம்பது மதிப்பெண்ணோடு தேர்ச்சி. அவள் அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்; இஸ்திரிக்காரி பிடுங்கி, இயந்திரங்கள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு மேசைமேல் ஏறி நின்று உரக்கப் படித்தாள். நிறுத்தக்கூடாத ஒரு இயந்திரத்தையும் யாரோ நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் பிரிவுக்கு அன்று விரிப்புகள் ஒரு மணி நேரம் தாமதம். கேட்க வந்த மேற்பார்வையாளரும் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கை தட்டினார்.

வழிகாட்டி நூலின் அடுத்த பதிப்பில் அந்தப் பாடலுக்கு உரை மாறியிருந்தது. 'காத்திருப்பின் பாடல்' என்று தலைப்பு. அடியில் சின்ன எழுத்தில், 'இவ்விளக்கம் மருத்துவமனைச் சலவைக்கூட ஊழியர் ஒருவர் தந்தது.' வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைப் பேருந்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த பயணிகளிடம் எல்லாம் காட்டினார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவள் உயிரோடு இருந்தாள். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பாராட்டினால் கேட்டுக்கொள்வாள், சிரிப்பாள், எல்லாம் முடிந்த பிறகு ஆரம்பிப்பாள்: "பதினஞ்சுக்குப் பதினாலு போட்டாங்களே, அந்த ஒண்ணு எங்க போச்சு? எந்த வரியில தப்பு? சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்." கடைசிவரை அந்த ஒரு மதிப்பெண்ணை அவள் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கவே இல்லை.