கனமான குழந்தை

படகு நகரும் முன்பே மாயம்மாள் எதிரே இருந்த குழந்தையின் குல்லாயைத் தூக்கிக் காதைப் பார்த்துவிட்டாள். பிறகு தாயின் காதை. இரண்டும் ஒட்டிய மடல். "சரிதான்" என்று முனகிவிட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். மட்டாஞ்சேரித் துறை வருவதற்குள் மூன்று இடம் மாறுவாள்.

"சேச்சிக்கு உக்காந்த எடத்திலே முள்ளு உண்டோ?" என்பான் டிக்கெட் கொடுப்பவன்.

"ஒன் காதை ஒங்கம்மா கிட்டே காட்டிட்டு வாடா, பேசலாம்." படகே சிரிக்கும்.

சிறிய பிரசவ விடுதி ஒன்றில் அவள் ஆயா. குளிப்பாட்டும்போது குழந்தையின் காலில் கட்டிய அடையாள நூலை அவிழ்த்துவிடுவாள்; ஈர நூல் பிஞ்சுத் தோலை அறுக்கும் என்பது அவள் கட்சி. ஒரு நேரத்தில் ஒரே குழந்தை என்பதும் அவளே போட்ட சட்டம்தான். எழுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில், ஆறு பிரசவம் சேர்ந்து வந்த நாளில் அதை மீறினாள். நீட்டிய காலில் இரண்டு பெண் குழந்தைகள். சிவப்பு நூல் மிளகுக் கிடங்கு முதலாளி வெங்கிடேஸ்வரன் வீட்டுடையது. கறுப்பு, அதே கிடங்கில் மிளகு புடைக்கும் மாடத்தியுடையது. துவட்டி முடித்தபோது எது யாருடையது என்று தெரியவில்லை. கையில் தூக்கிப் பார்த்தாள். கனமான குழந்தைக்குச் சிவப்பைக் கட்டினாள்.

முதலாளி மனைவிக்கு ஒன்பது மாதமும் சோறு தங்கவில்லை, மாடத்தியோ கஞ்சியும் கப்பைக் கிழங்கும் வயிறாரத் தின்றாள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு தாய்க்கும் இரண்டு பெண்ணுக்கும் ஒரே மாதிரி தொங்கும் மடல். அதை வைத்து எதுவும் தீரவில்லை; ஆனாலும் காது தாயைக் காட்டிக்கொடுக்குமா என்று ஊரார் காதையெல்லாம் பார்த்துத் திரிகிறாள்.

சென்ற ஜூனில் முதலாளி மகள் ஸ்வர்ணலதா புதுக்குடையோடு பள்ளிக்கூடம் போனாள். மாடத்தியின் மகள் கங்கா கிடங்கில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இவளைப் படிப்பிலேருந்து நிறுத்தினே?" என்று மாயம்மாள் கிடங்குக்கே வந்து மாடத்தியைக் கேட்டாள்.

"அஞ்சு வரை படிச்சாச்சே மாயக்கா. ஆள் கொறவு. இவ வரலேன்னா என்னை நிறுத்திட்டு வேற ஆளை வெச்சிடுவாராம் மொதலாளி."

"மாடத்தி, அந்த மழையிலே நான்..."

கங்கா தும்மினாள். மாடத்தி முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்தாள். "பாத்தியா? தும்மல்கூட எனக்கு உள்ளது போலயாக்கும்" என்று சிரித்தாள். "என்னமோ சொல்ல வந்தியே, அக்கா?"

மாயம்மாள் வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"விடுதியிலே ராத்திரி வேலை கேட்டு வாங்கிக்கறேன். பகல்லே இவ எடத்திலே நான் பொடைக்கறேன், இவ பள்ளிக்கூடம் போகட்டும்" என்று சொல்லி, கங்காவின் கையிலிருந்த முறத்தை வாங்கினாள். பெண் எழுந்த இடத்தில் உட்கார்ந்து மிளகைப் புடைக்கத் தொடங்கினாள்.